துணைநலம்: ஓர் உழவர் மனைவியின் சரிதம்

தாம் உண்மை எனக் கொண்டதற்காக உயிர் நீத்த பெரியோரின் சரிதங்களைப் படிக்குங்கால், நம் கருத்து அவர்தம் இறுதி நாளிலேயே சென்று தங்குவது இயல்பு. அந்நாளுக்கு முன்னும் பின்னும் அவர் மனையில் அடுப்பு மூட்டியவர் யார், பசுக்களைப் பேணியவர் யார், குழந்தைகளுக்குச் செபம் கற்பித்தவர் யார் என்று நாம் வினவுவதில்லை. வினவாமையால் அச்சரிதத்திற் பாதியை இழந்துவிடுகிறோம். வள்ளுவனார் இல்வாழ்க்கையைக் கூறிய பின்னர் வாழ்க்கைத் துணைநலம் என ஓர் அதிகாரமே வகுத்தமையை நாமெல்லாம் அறிவோம். அத்துணைநலம் என்பது யாது என்பதை, ஆஸ்திரியா தேசத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த கத்தோலிக்க உழவர் மனைவியொருவரின் வாழ்க்கையைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவர் பெயர் பிரான்சிஸ்கா யேகர்ஷ்டேட்டர்.

ஆஸ்திரியாவின் எல்லையில், பவேரியா நாட்டைப் பிரிக்கும் சால்சாக் ஆற்றின் கரையில், சாங்க்ட் ராடெகுண்ட் என்னும் ஊர் உள்ளது. உழவும் மாடு வளர்ப்பும் அவ்வூராரின் தொழில். ஆலயமணியே அவர்களுக்கு நாழிகை காட்டுவது. இவ்வூர் அடங்கிய பிரௌனௌ வட்டத்திலேதான், 1889-ஆம் ஆண்டில், பிற்காலத்தில் ஐரோப்பாக் கண்டத்தையே கலக்கிய அடால்ப் ஹிட்லர் பிறந்தார். ஒரே வட்டத்து மண் இருவேறு விளைவுகளைத் தந்தது என்பது நினைக்கத்தக்கது.

பிரான்சிஸ்கா அம்மையார் 1913-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 4-ஆம் தேதி, அண்டை ஊராகிய ஹோக்பூர்க்கில், தெய்வபக்தி மிக்க உழவர் குடியில் தோன்றினார். 1936-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் தேதி, பெரிய வியாழக்கிழமையன்று, பிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர் என்னும் உழவரை மணந்தார். பிரான்ஸ் 1907-இற் பிறந்தவர். சுறுசுறுப்பும் உல்லாசமும் உடையவர். சில ஆண்டுகள் இரும்புச் சுரங்கத்தில் உழைத்து ஊர் திரும்பியவர். அவ்வூரில் முதன்முதல் மோட்டார் சைக்கிள் ஏறி வந்தவரும் அவரே. மணம் முடிந்தவுடன் தம்பதிகள் ரோமாபுரிக்கு யாத்திரை சென்றனர். அக்காலத்து உழவர்க்கு இது வழக்கமன்று. மணமகளின் விருப்பத்தினாலேயே இது நிகழ்ந்தது.

பின்னர் அவ்வில்லம் நடந்த முறை எளியது. கணவனும் மனைவியும் கூடிச் செபித்தனர். வேதாகமத்தை நாடோறும் வாசித்தனர். ஒருவரையொருவர் விசுவாசத்திலே முன்னேறச் செய்தனர். பிரான்ஸ் அடிக்கடி தேவநற்கருணை வாங்கலாயினர். இல்லறம் இத்துணை இன்பமுடையதென்று தாம் எண்ணியதே இல்லை என அவர் கூறியதாகச் சொல்வர். 1937, 1938, 1940 ஆகிய ஆண்டுகளில் ரோசாலியா, மரியா, அலோய்சியா என்னும் பெண்மக்கள் மூவர் பிறந்தனர். மாமியாரும் அவர்களுடன் ஒரே வீட்டில் வாழ்ந்து வந்தார். கணவன் முன்னரும் தெய்வபக்தி இல்லாதவரல்லர். எனினும் மணத்தின் பின் அவர் பக்தி பெருகியதை ஊரார் அனைவரும் கண்டனர். இதனை வாசகர்கள் நினைவிற் கொள்க. பின்னர் இதுவே அம்மையாருக்குப் பெரும் பழியாக வந்து மூண்டது.

1938-ஆம் ஆண்டு மார்ச்சில் ஜெர்மானியப் படை ஆஸ்திரியாவிற் புகுந்தது. ஏப்ரல் 10-ஆம் தேதி, அவ்விணைப்புக்கு ஜனங்களின் சம்மதம் கேட்டு வாக்கெடுப்பு நடைபெற்றது. அவ்வூரில் எதிர்த்து வாக்களித்தவர் பிரான்ஸ் ஒருவரே. அன்றுமுதல் புதிய ஆட்சியினர் குழந்தைகளின்பொருட்டு அளித்த உதவித்தொகையையும் அவர் பெற மறுத்தார். இம்மறுப்பினால் நேர்ந்த குறையைத் தாங்கியவர் யார்? மூன்று குழந்தைகளுக்கு உணவும் உடையும் தேடும் பொறுப்புடைய இல்லாளே அன்றோ! கொள்கை கணவனுடையதாயினும், அதன் விலையை நாள்தோறும் செலுத்தியவர் மனைவியே.

1940-ஆம் ஆண்டில் பிரான்ஸ் படைக்கு அழைக்கப்பட்டார். சிலகாலம் பயிற்சி பெற்று 1941-இல் வீடு திரும்பினார். அவர் இல்லாத நாட்களில் வைக்கோல் உலர்த்துதலும், தானியம் சேர்த்தலும், மாடு கன்றுகளைப் பேணுதலும் அம்மையாரின் தலைமேல் விழுந்தன. அவ்விருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் இன்றும் உள்ளன. வயல் வேலை, குழந்தைகளின் நலம், செபம், திருநாள் ஆகிய இவையே அவற்றின் பொருள். பெரிய தத்துவங்கள் அவற்றில் இல்லை. ஆயினும் ஒருவர்பால் ஒருவர் வைத்த அன்பும், இருவரும் கடவுள்மேல் வைத்த நம்பிக்கையும் வரிதோறும் விளங்குகின்றன. வீடு திரும்பிய பின்னர், பிரான்ஸ் ஊர் ஆலயத்திற் கோயிற்பிள்ளையாகப் பணியேற்றார். இப்போர் அநீதியானது, இதிற் படைக்கலம் ஏந்துதல் பாவம் என்னும் துணிவும் அவர் உள்ளத்தில் உறுதிப்பட்டது.

இத்துணிவைப் பலரும் மறுத்தனர். பிரான்ஸ் லின்ஸ் நகரத்து மேற்றிராணியாரிடம் சென்று வினவியபோது, அம்மையாரும் உடன் சென்று வெளியே காத்திருந்தார். குடும்பத்தின்பால் உள்ள கடமையை நினைக்கவேண்டும் என்பதே மேற்றிராணியார் அளித்த புத்திமதி. தாயார் அழுதார், உறவினர் இடித்துரைத்தனர். தொடக்கத்தில் அம்மையாரும் கணவனை மன்றாடித் தடுக்கவே முயன்றார். இதனை அவர் பிற்காலத்தில் மறைத்தாரில்லை. ஆனால் சுற்றத்தார் அனைவரும் கணவனோடு வாதாடுவதைக் கண்டபோது, தாமும் அவரைக் கைவிட்டால் அவருக்கு ஆதரவாவார் ஒருவருமிலர் என்று உணர்ந்தார். அன்றுமுதல் தடுப்பதை விடுத்து அவர் பக்கம் நின்றார்.

இவ்விடத்தை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். மனைவிக்கு அப்போது மூன்று வழிகள் இருந்தன. குழந்தைகளைக் காட்டிக் கணவனை வசப்படுத்துவது ஒன்று. அவரைத் தூண்டி உயிர்த்தியாகத்திற்கு அனுப்புவது மற்றொன்று. அம்மையார் இவ்விரண்டையும் கொள்ளவில்லை. கணவனின் மனச்சாட்சி அவருக்கும் கடவுளுக்கும் உரியது என அறிந்து அதற்கு இடம் விட்டார். அதனால் வரும் துன்பத்திற் பாதியைத் தாம் ஏற்றுக்கொண்டார். தம் கருத்தைக் கணவன்மேற் சுமத்தாமலும், கணவனை விட்டு நீங்காமலும் நிற்றல் எளிய செயலன்று. துணைநலம் என்பதன் உட்பொருள் இதுவே என்று யாம் துணிகிறோம்.

1943-ஆம் ஆண்டு மார்ச்சு 1-ஆம் தேதி பிரான்ஸ் என்ஸ் நகரத்துப் படைவீட்டிற்குச் சென்று, போரிட மறுப்பதை அறிவித்தார். உடனே லின்ஸ் நகரத்திற் சிறைவைக்கப்பட்டார். மே மாதத்தில் பெர்லின் சிறைக்கு மாற்றப்பட்டார். நோயுற்ற வீரர்க்குப் பணிபுரியும் பிரிவிற் சேரச் சம்மதம் என அவர் தெரிவித்தும் பயனில்லை. ஜூலை 6-ஆம் தேதி மரணதண்டனை விதிக்கப்பட்டது. மனைவியைக் கண்டால் மனம் மாறக்கூடும் என்று கருதி, அவருடைய வழக்கறிஞர் சந்திப்பிற்கு ஏற்பாடு செய்தார். அம்மையார் ஊரிலிருந்த குருவானவரோடு நெடுந்தொலைவு இருப்புப்பாதை வழியே பெர்லின் சென்றார். அளிக்கப்பட்ட நேரம் ஏறத்தாழ 20 நிமிஷம். குருவானவர் எடுத்துச்சொல்லியும் பிரான்சின் துணிவு அசையவில்லை. அதுவே தம்பதிகளின் கடைசிச் சந்திப்பாயிற்று. ஆகஸ்டு 9-ஆம் தேதி, பிராண்டன்பர்க் சிறையில் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். தம்மாற் குடும்பத்தாருக்கு நேர்ந்த துன்பத்தைப் பொறுத்தருள வேண்டுமென்று அவர் இறுதிக் கடிதத்தில் வேண்டியிருந்தார். அப்போது மூத்த மகளுக்கு ஆறு வயது நிரம்பவில்லை. இளையவளுக்கு வயது மூன்று.

கணவனின் சரிதம் இங்கு முடிந்தது. மனைவியின் சரிதத்திலே நெடிய பகுதி இங்கேதான் தொடங்குகிறது. ஊரார் அம்மையாரைப் பழித்தனர். “இவளுடைய மிகுந்த பக்தியே அவனைக் கெடுத்தது” என்பது அவர்கள் குற்றச்சாட்டின் சாரம். மகனை இழந்த மாமியாரும், தடுத்து நிறுத்தவில்லையே என்று மருமகளையே நொந்தார். போர் 1945-இல் முடிந்த பின்னும் இந்நிலை மாறவில்லை. அவ்வூர் மக்களைக் கொடியவர் என்று நாம் எளிதிற் கூறிவிடலாகாது. அநேக வீடுகளில் மைந்தரும் கணவரும் போரில் மாண்டிருந்தனர். யேகர்ஷ்டேட்டர் செய்தது சரியென ஒப்புக்கொண்டால், தம் வீட்டார் வீணே மாண்டனர் என ஒப்புக்கொள்ள நேரும் என அவர்கள் அஞ்சினர் போலும். மேற்றிராணியாரும் இவ்வுழவரைப் பற்றிய கட்டுரை மறைமாவட்டத் தாளில் வெளிவருவதை விரும்பவில்லை. போரில் இறந்தாரின் மனைவியர்க்கு உரிய உதவித்தொகையும் 1950-ஆம் ஆண்டு வரை அம்மையாருக்கு மறுக்கப்பட்டது.

இவற்றுக்கெல்லாம் அம்மையார் விடை கூறிய முறை யாது? வாதாடவில்லை, ஊரை விட்டு நீங்கவுமில்லை. கணவன் விட்டுச்சென்ற நிலத்தை உழுதார். மூன்று பெண்மக்களையும் வளர்த்து ஆளாக்கினார். கணவன் செய்துவந்த கோயிற்பிள்ளைப் பணியைத் தாமே மேற்கொண்டு, தம்மைப் பழித்த அதே மக்கள் கூடும் ஆலயத்தில் பூசைக்குரியன யாவும் பல ஆண்டுகள் ஒழுங்குபடுத்தி வந்தார். கணவனின் சாம்பல் ஊருக்குக் கொண்டுவரப்பட்டு, 1946-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் தேதி, அவ்வாலயச் சுவரருகே அடக்கம் செய்யப்பட்டது.

அவர் செய்த மற்றொரு காரியம் கடிதங்களையும் குறிப்புகளையும் பாதுகாத்தமை. இதனை வியப்பதற்குக் காரணமுண்டு. கற்றோர் ஒருவரும் அவற்றைத் தேடாத காலத்தில் அவர் அவற்றைப் பேணினார். கார்டன் சான் என்னும் அமெரிக்க சமூகவியல் அறிஞர் அவ்வூர் சென்று விசாரித்து, 1964-இற் பிரான்சைப் பற்றிய நூலை வெளியிட்டார். அதன்பின் எர்னா புட்ஸ் என்னும் ஆஸ்திரிய நூலாசிரியை அக்கடிதங்களைப் பதிப்பித்தார். நம் நாட்டோடும் இச்சரிதத்திற்கு ஒரு தொடர்பு உண்டு. பம்பாயில் முன்னர் அதிமேற்றிராணியாராயிருந்த தாமஸ் ராபர்ட்ஸ் என்னும் சேசுசபைக் குருவே, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் 1965-இல் இவ்வுழவரின் சான்றை எடுத்துக்காட்டி, மனச்சாட்சியின் பொருட்டுப் போரை மறுப்பவர்க்காகப் பரிந்துரைத்தார். அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த சங்கத்தின் ஏடும், படைக்கலம் ஏந்த மறுப்போரை அரசுகள் மனிதத்தன்மையோடு நடத்தவேண்டும் என வற்புறுத்தியது. அம்மையார் பேணிக் காத்தவை இல்லாதிருப்பின் இவ்வுழவரின் உள்ளத்தை உலகம் நன்கு அறிந்திராது.

1997-ஆம் ஆண்டில் பெர்லின் நீதிமன்றமொன்று பழைய தீர்ப்பைத் தள்ளிற்று. 2007-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் தேதி, லின்ஸ் நகரத்துப் பேராலயத்தில், பிரான்ஸ் முத்திப்பேறு பெற்றவர் எனத் திருச்சபையால் அறிவிக்கப்பட்டார். 94 வயதுடைய அம்மையார் கணவனின் திருப்பண்டத்தைத் தம் கைகளில் ஏந்தி, முத்தமிட்டு ஒப்படைத்தார். அவ்வேளையில், கணவனின் புனிதத்தில் மனைவிக்குப் பங்குண்டு என்பதை அனைவரும் போற்றினர். நோக்குமின்! “கணவனை இத்தகையவனாக ஆக்கியவள் இவளே” என்று 1943-இற் சொன்ன பழியும், 2007-இற் சொன்ன புகழும் பொருளில் ஒன்றே. உண்மை மாறவில்லை, சொல்வோரின் கண்ணே மாறியது.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். குழந்தைகள் மூவரை உடைய தாய், எவ்வாற்றானும் கணவனைத் தடுத்திருத்தல் கடமையன்றோ என்பாருளர். இது புறக்கணிக்கத்தக்க வினா அன்று. அம்மையாரே முதலில் அவ்வாறு எண்ணியவர். ஆனால், தந்தை உயிரோடிருத்தல் மட்டுமே குழந்தைகளுக்குரிய செல்வமன்று. தந்தை நேர்மையோடிருத்தலும் அவர்களுக்குரிய செல்வமே. இவ்விரண்டையும் ஒருங்கே காக்க இயலாத கொடிய காலத்தில், அம்மையார் ஒன்றைக் கணவனின் மனச்சாட்சிக்கு விட்டு, மற்றொன்றின் குறையைத் தம் உழைப்பால் நிரப்பினார். இச்சரிதத்தைப் படிக்கும் ஒருவர் அம்மையார் செய்தது சரியென ஒப்பினும் ஒப்பாவிடினும், அவர் தம் பங்கைப் பிறர்மேற் சுமத்தாது தாமே செலுத்தினார் என்பதை மறுக்க இயலாது.

பிரான்சிஸ்கா அம்மையார் 2013-ஆம் ஆண்டு மார்ச்சு 16-ஆம் தேதி, நூறு வயது நிரம்பிய பன்னிரண்டாம் நாள், இறைவனடி சேர்ந்தார். அவர் கணவனோடு வாழ்ந்தது ஏழாண்டும் நான்கு மாதமும். கணவனின்றி வாழ்ந்தது ஏறத்தாழ எழுபது ஆண்டுகள். மாணவ நண்பர்களே! பெருஞ்செயல் புரியும் தருணம் நம்மில் ஒருசிலருக்கே வாய்க்கும். ஆயின் அருகிலுள்ளாரின் மனச்சாட்சியை மதித்து, அதனால் வரும் சுமையை முணுமுணுப்பின்றித் தாங்கி, நம் அன்றாடக் கடனைச் செய்துவரும் தருணம் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு நாளும் வருகின்றது. நம் இல்லங்களிலும் பெயர் அறியப்படாமல் அவ்வாறு வாழ்ந்த தாயர் பலர் உளர். அவர்களை இனங்கண்டு போற்றும் கண் நமக்கு வாய்ப்பதாக.