பெயர் என்னும் அமானிதம்

கூடலூரிலிருந்து பிரிந்து செல்லும் மலைப்பாதை ஓவேலியில் கொண்டு சேர்க்கும். தேயிலையும் காப்பியும் விளையும் பள்ளத்தாக்கு அது. ‘வேலி’ என்ற சொல் தமிழிலே இருப்பதால் இது பழந்தமிழ்ப் பெயர் என்றே கேட்போருக்குத் தோன்றும். உண்மை அதுவன்று. 1840-களில் நீலகிரி மலையை அளந்து அறிக்கை எழுதிய ஜான் ஆக்டர்லோனி என்ற வெள்ளைக்காரப் படை அதிகாரியின் குடும்பப் பெயரால் இப்பள்ளத்தாக்கு ‘ஆக்டர்லோனி வேலி’ என்று வழங்கியது. ‘வேலி’ என்றால் அவர்கள் பாஷையில் பள்ளத்தாக்கு. அவ்வளவு நீளமான பெயர் நாவில் நிற்கவில்லை; தலையெழுத்து மட்டும் மிஞ்சி ‘ஓவேலி’ ஆயிற்று. இன்று பேரூராட்சியின் பெயரும் அதுவே.

ஊருக்கு உணர்வில்லை. அதன் பெயரை வெட்டினாலும் ஒட்டினாலும் அது வருந்துவதில்லை. மனிதனின் பெயர் அப்படிப்பட்டதல்ல என்பதை நாம் கிதாபுகளில் ஓதியிருந்தோம். ஆனால் அதை நமக்குப் புரிய வைத்தவர் இந்த ஓவேலியின் லயமொன்றில் வாழும், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி.

சில வருடங்களுக்கு முன்னர், அப்பகுதி மக்தப் ஒன்றில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் பணி நமக்கு வாய்த்தது. தமிழ் பேசும் பிள்ளைகளும் மலையாளம் பேசும் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்து ஓதுவார்கள். ஹாஜிர் எடுக்கும்போது பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் தன் பெயரைக் கூப்பிட்டால் வாய் திறக்க மாட்டாள். தலையைக் குனிந்து கொள்வாள். பக்கத்திலிருக்கும் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒருநாள் எல்லோரும் போன பின் வந்து நின்று, “உஸ்தாது, எனக்கு வேறே பேரு வையுங்க. இது கெழவி பேரு. பள்ளிக்கூடத்துலே எல்லாரும் பாட்டி பாட்டின்னு கேலி பண்றாங்க” என்றாள்.

அவளுடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது அவளுக்குரியது. ‘பீவி’ என்று முடியும் பழைய காலத்துப் பெயர் என்பதோடு நிறுத்திக் கொள்வோம். பொருளில் யாதொரு குறையும் இல்லை.

நாமோ அப்போது மதரஸாவிலிருந்து ஸனது வாங்கி வெளிவந்து அதிக காலம் ஆகாதவர்கள். பெயர் மாற்றுவது நபிவழிதானே என்று எளிதாக எண்ணி விட்டோம். சிறுமி ஆசைப்பட்ட புதுமையான பெயர் ஒன்றின் பொருளைப் பார்த்தோம், நன்றாகவே இருந்தது. ஹாஜிர் புத்தகத்தில் பழைய பெயரைக் கோடிட்டு அடித்துவிட்டுப் புதியதை எழுதினோம். பெற்றோரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த ஜும்ஆவுக்குப் பின், சிறுமியின் பாட்டியார் பள்ளிவாசல் படிக்குக் கீழே வந்து நின்றார். இலங்கையிலே, கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டபின் தாயகம் திரும்பியவர்களாக நீலகிரிக்கு வந்து சேர்ந்த எத்தனையோ குடும்பங்களில் ஒன்று அவருடையது. கோபப்படவில்லை. சொன்னது இதுதான்:

“அது எங்க உம்மா பேரு, அசரத்து. லயத்துலேயே மவுத்தாப் போனாங்க. கபுரை அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம். பேரை மட்டுந்தான் கொண்டாந்தோம். தோட்டத்துலே கொழுந்து குறைஞ்சா அரைப்பேரு போடுவாங்க. நீங்க முழுப்பேரையும் அடிச்சிட்டீங்களே.”

தோட்டத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அங்கெல்லாம் ஒருநாள் வேலையைக் கணக்கில் பதிவதற்குப் ‘பேர் போடுதல்’ என்று சொல்வார்கள். எடை குறைந்தால் அரைநாள் கூலி, அதற்கு ‘அரைப்பேர்’. மனிதனின் பெயரே அவன் கூலிக்கு அளவாக நின்ற இடத்திலிருந்து வந்தவருடைய சொல் அது. நாம் பதில் சொல்ல வகையின்றி நின்றோம்.

நிற்க. அன்றிரவு, ஸஹீஹுல் புகாரியில் நாம் முன்பே ஓதியிருந்த ஒரு நிகழ்ச்சியை மறுபடியும் எடுத்துப் பார்த்தோம். தாபியீன்களில் பேரறிஞரான ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்களின் பாட்டனார் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்தார். அவருடைய பெயர் ‘ஹஸ்ன்’. கரடுமுரடான மேட்டு நிலம் என்று பொருள். (மலையிலே மூட்டை சுமந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட நிலம் என்று விளக்க வேண்டியதில்லை.) நாயகம் (ஸல்) அவர்கள் அதனை ‘ஸஹ்ல்’ என்று, அதாவது நடப்பதற்கு இலகுவான சமநிலம் என்று, மாற்ற நாடினார்கள். அவரோ, தம் தந்தை வைத்த பெயரைத் தாம் மாற்றுவதாக இல்லை என்று சொல்லி விட்டார். அதற்குப் பின்னர் தம் குடும்பத்தில் அந்தக் கடினத்தன்மை நீங்காமலே இருந்து வந்ததாகப் பேரர் ஸயீத் (ரஹ்) அவர்கள் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்கள்.

இந்நிகழ்ச்சியை நமது உபந்நியாசங்களில் சொல்லும்போது, நபியவர்கள் தந்த பெயரை ஏற்காதவர் நஷ்டமடைந்தார் என்ற ஒரு பக்கத்தோடு விட்டு விடுகிறோம். அது உண்மையே. ஆனால் மறுபக்கம் ஒன்றிருக்கிறது. அல்லாஹ்வின் தூதரே பெயரை மாற்றச் சொல்லியும் ஒருவர் மறுத்தார். அவர் கட்டாயப்படுத்தப்பட்டதாக அந்த அறிவிப்பில் இல்லை. ஹஸ்ன் என்ற பெயரிலேயே அவர் வரலாற்றில் நிற்கிறார். வஹீ இறங்கப் பெற்றவர்களே வற்புறுத்தாத காரியத்தில் நாம் பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டு விட்டோம். அதுவும் பொருளில் குறையே இல்லாத பெயருக்கு!

பெருமானார் (ஸல்) அவர்கள் எந்தெந்தப் பெயர்களை மாற்றினார்கள் என்று பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு தெரியும். உமர் (ரலி) அவர்களின் மகளார் ஒருவருக்கு ‘ஆஸியா’ (மாறு செய்பவள்) என்று பெயர் இருந்தது. அதை ‘ஜமீலா’ என்று மாற்றினார்கள். ‘பர்ரா’ (புண்ணியவதி) என்ற பெயர் தன்னைத்தானே புகழ்ந்து கொள்வது போலிருந்ததால் அதனை ‘ஸைனப்’ என்று மாற்றினார்கள். இவை முஸ்லிம் ஷரீபில் உள்ளவை. பெயரைச் சுமப்பவருக்கு இழுக்காகவோ பாரமாகவோ அமைந்தவற்றையே மாற்றினார்கள். பழைய பெயர் என்பதற்காக மாற்றவில்லை. உமர், உஸ்மான், அலீ, காலித் (ரலி) ஆகியோரெல்லாம் இஸ்லாத்திற்கு முன்பிருந்த அதே பெயர்களுடன்தான் ஸஹாபாக்களாக வாழ்ந்தார்கள். புதிதாக இஸ்லாத்தைத் தழுவுகிறவர் பெயர் மாற்றியே தீர வேண்டும் என்று நம்மூர்களில் சிலர் வலியுறுத்துகிறார்கள். பெயரின் பொருள் தீனுக்கு முரணாக இல்லாதபோது அப்படியொரு நிபந்தனை மார்க்கத்தில் இல்லை.

ஆனால் சிறுமியின் வேதனையும் பொய்யில்லையே? பாட்டியாரின் பாசம் நியாயமானது என்பதற்காக, நாள்தோறும் கேலி கேட்கும் பிள்ளையை “பொறுத்துக் கொள்” என்று மட்டும் சொல்லி அனுப்புவதும் நீதியாகாது. இங்கேதான் அல்லாஹு தஆலா ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11-ஆம் வசனத்தில், ஒருவரையொருவர் பட்டப் பெயர்களால் இழித்துரைப்பதை விலக்கியிருப்பதை நாம் நினைக்க வேண்டும். அது இறங்கிய சந்தர்ப்பத்தை பனூ ஸலமா கூட்டத்தினர் அறிவிப்பதாக அபூதாவூத், திர்மிதீ கிரந்தங்களில் வந்துள்ளது. மதீனாவில் அவர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. நபி (ஸல்) அவர்கள் ஒருவரை அப்பெயர்களில் ஒன்றைச் சொல்லி அழைத்தால், யா ரஸூலல்லாஹ், அந்தப் பெயரைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும் என்று உடனிருப்பவர்கள் சொல்வார்களாம். அழைக்கப்படுகிறவரின் மனம் எப்படி இருக்கிறது என்பதையே வசனம் கணக்கில் எடுத்தது. ஆகவே அந்தச் சிறுமியின் விஷயத்தில் திருத்தப்பட வேண்டியது அவளுடைய பெயரல்ல. சிரித்த பிள்ளைகளின் நாவு. நாமோ சிரித்தவர்களை விட்டுவிட்டு, சிரிக்கப்பட்டவளின் பெயரைத் திருத்தினோம்.

நம் வீடுகளிலும் இது நடக்கிறது. நொண்டி, கட்டை, கருப்பன் என்று ஊர் வைத்த பெயரை ஒருவர் சிரித்துக் கொண்டே ஏற்றுக் கொண்டாரென்றால் அவர் மனம் ஒப்பினார் என்று பொருளில்லை. வேறு வழியில்லாமல் பழகிப் போயிருக்கலாம். அதே சமயம் எல்லாப் பட்டப் பெயரும் இழிவல்ல. ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் பள்ளிவாசலில் மண்ணின் மீது படுத்துறங்கியபோது, முதுகில் ஒட்டிய மண்ணைத் துடைத்து ‘அபூதுராப்’, மண்ணின் தந்தை, என்று அழைத்து எழுப்பினார்கள் அண்ணலார் (ஸல்) அவர்கள். அதைவிடப் பிரியமான பெயர் அலீ (ரலி) அவர்களுக்கு வேறொன்றும் இருக்கவில்லை என்று புகாரியில் வருகிறது. மண் என்ற சொல்லில் என்ன உயர்வு இருக்கிறது? அழைத்தவரின் அன்பு அதற்குள் இருந்தது. இதற்கு நேர்மாறாக, இமாம் நவவீ (ரஹ்) அவர்களை மக்கள் ‘முஹ்யித்தீன்’, மார்க்கத்தை உயிர்ப்பித்தவர், என்று மிக உயர்வாக அழைத்தும் அன்னார் அதை விரும்பவில்லை என்று அறிவிக்கப்பட்டுள்ளது. அன்னாரின் சொந்தப் பெயர் யஹ்யா. புகழ்ச்சிப் பெயரேயானாலும் உரியவருக்குப் பிடிக்காவிட்டால் பாரம்தான்.

பெயரைச் சுருக்குவது பற்றியும் ஒரு வார்த்தை. அன்பினால் சுருக்குவது தவறல்ல. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் ‘ஆயிஷ்’ என்று சுருக்கி அழைத்ததுண்டு. மலையாளத்தில் பாத்தும்மா என்பதும் தமிழில் பாத்து என்பதும் உரியவர் மகிழ்ந்தால் அந்த வகையைச் சேர்ந்ததே. ஆனால் அப்துர் ரஹ்மான் என்பதில் ‘அப்து’வை வெட்டிவிட்டு, “டேய் ரஹ்மான், இங்கே வா” என்று கூப்பிடுவது வேறு. ‘அப்து’ என்றால் அடிமை. அதை நீக்கியபின் மிஞ்சுவது அல்லாஹ்வுக்கு மட்டுமே உரிய திருநாமம். அதிலும் அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் இரண்டும் அல்லாஹ்வுக்கு மிக உவப்பான பெயர்கள் என்று முஸ்லிம் ஷரீபில் வந்திருக்க, அவற்றில் ஒன்றின் தலையை நாம் வெட்டுகிறோம். அப்துர் ரஸ்ஸாக், அப்துல் காலிக் ஆகியவற்றிற்கும் இதுவே சட்டம். ரஹீம், அஜீஸ் போன்றவை சற்று இலேசானவை. ‘ரஹீம்’ என்ற சொல் நபியவர்களைப் பற்றியும், ‘அஜீஸ்’ என்ற சொல் மிஸ்ரின் அதிகாரியைப் பற்றியும் குர்ஆனிலேயே வந்துள்ளது. ஆயினும் அப்தோடு சேர்த்து அழைப்பதே பேணுதல்.

மறுமையில் மனிதர்கள் தம் பெயராலும் தந்தையர் பெயராலும் அழைக்கப்படுவார்கள், ஆகவே நல்ல பெயர் வையுங்கள் என்ற ஹதீஸ் நம் மக்களிடையே பிரசித்தம். அதன் அறிவிப்பாளர் தொடரில் இடையறவு உண்டென்று அதைப் பதிவு செய்த அபூதாவூத் (ரஹ்) அவர்களே குறிப்பிட்டுள்ளார்கள். எனினும் மறுமையில் இன்னாரின் மகன் இன்னார் என்று அறிவிக்கப்படும் என்பதற்குப் புகாரியில் வேறு ஆதாரம் இருக்கிறது.

நாம் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். பாட்டியாரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டோம். ஹாஜிர் புத்தகத்தில் பழைய பெயரை மீண்டும் எழுதினோம். மக்தபில் ஹுஜுராத் வசனத்தை மூன்று நாள் பாடமாக வைத்தோம். கேலி செய்த பிள்ளைகளில் ஒருவன் தன்னை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதைத் தானே சொல்லி அழுதது நாம் எதிர்பாராதது.

சிறுமிக்கு ஆயிஷா (ரலி) அவர்களின் இன்னொரு சம்பவத்தைச் சொன்னோம். தம் தோழியருக்கெல்லாம் ‘உம்மு இன்னார்’ என்று குன்யத் பெயர் இருக்க, தமக்கு இல்லையே என்று அன்னை வருந்தியபோது, சகோதரியின் மகன் பெயரால் ‘உம்மு அப்துல்லாஹ்’ என்று வைத்துக் கொள்ளச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. ஆயிஷா என்ற பெயரும் நீங்கவில்லை, ஆசையும் நிறைவேறியது. சிறுமி தன் தோழிகள் அழைக்க ஒரு பெயரைத் தானே தெரிந்தெடுத்துக் கொண்டாள். பாட்டியாரும் சம்மதித்தார். பழைய பெயரை அவள் நேசிக்கத் தொடங்கி விட்டாள் என்று நாம் சொல்ல மாட்டோம். ஹாஜிர் எடுக்கும்போது பதில் சொல்கிறாள்.

இல்லத்தரசிகளும் வீட்டுப் பெரியவர்களும் கவனிக்க வேண்டிய நடைமுறை ஒன்று மீதமிருக்கிறது. ஏழாம் நாள் அகீகாவில் பெயர் சூட்டுவதோடு வேலை முடிந்ததென்று இருந்து விடுகிறோம். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். பிறகு தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டு வரை. 1.10.2023 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை இந்தப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். முகையதீன், முஹைதீன், மொய்தீன், மைதீன் என்று ஒரே பெயர் ரேஷன் கார்டில் ஒன்றாகவும் பள்ளிச் சான்றிதழில் வேறாகவும் இருந்து, ஹஜ்ஜுக்கு விண்ணப்பிக்கும் வயதில் அலைகிறவர்கள் ஏராளம். பதியும்போதே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தைக் கூட்டிப் படித்துப் பார்த்துக் கையொப்பம் இடுங்கள். அரபியில் எப்படி எழுதுவதென்று பள்ளிவாசல் இமாமிடம் கேட்டு ஒரு தாளில் குறித்து வைத்துக் கொள்வதும் நல்லது.

அந்தப் பாட்டியாரும் அப்படியொரு தாளை நம்மிடம் கேட்டு வாங்கிப் போனார். தம் உம்மாவின் பெயர் சரியாக எழுதப்பட்டு அவர் பார்த்தது அதுவே முதல் தடவையாம். பேத்தியின் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழை இருப்பது அப்போதுதான் தெரிய வந்தது. திருத்தத்திற்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.