வளவில் முளைக்கும் காளான்

மழை விட்ட மறுநாள் லயத்துக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாகக் காளான் எழும்பி நிற்கும். எங்கள் கல்முனைப் பக்கமும் அப்படித்தான். மாரி தொடங்கியதும் வளவில், தென்னையடியில், புற்றடியில் முளைக்கும். உம்மாமார் பொறுக்கி ஆணம் ஆக்குவார்கள். மலையோ கரையோ, சட்டியில் போடுமுன் இது எந்தக் காளான் என்று தெரிய வேண்டும்.

நல்லது என்று பேர் எடுத்தது புற்றுக் காளான். குடையின் நடுவில் கூரான முனை இருக்கும். பிடுங்காமல் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். தண்டு வேர் மாதிரி நீண்டு கறையான் கூடு வரைக்கும் போகும். கறையான் தன் கூட்டுக்குள் வளர்க்கும் பூஞ்சணம்தான் மேலே குடையாக வருகிறது. தேயிலைச் செடியின் நோய்களைப் பற்றி 1923இல் புத்தகம் போட்ட பெட்ச் துரை, பேராதனையில் இருந்தபோது 1906இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

புல்தரையில் வரும் இன்னொன்று ஆளை ஏமாற்றும். வெள்ளைக் குடை, மேலே தவிட்டு நிறச் செதில், தண்டில் வளையம். குடைக்கு அடியிலுள்ள மடிப்பு பிஞ்சில் வெள்ளை, முற்றினால் பச்சை. குடையை மட்டும் வெட்டி வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே கோப்பையால் மூடி ராத்திரி வையுங்கள். காலையில் தாளில் பச்சைத் தூள் படிந்திருந்தால் வீசிவிடுங்கள். தின்றால் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் பிடிக்கும். பச்சை இல்லையென்றால் நல்லது என்று எண்ண வேண்டாம். கொல்லும் காளானிலும் வெள்ளைத் தூள் விழும். அதன் தண்டடியில் ஒரு பை இருக்கும். பிடுங்கும்போது அது மண்ணிலேயே நின்றுவிடும், நம் கண்ணுக்குப் படாது.

வெள்ளிக் காசு கறுக்கும், பூடு நிறம் மாறும் என்பதெல்லாம் வெறும் பேச்சு. (வெள்ளிக் காசு யாரிடம் இருக்கிறது இப்போ?) பூச்சி தின்றதை நாமும் தின்னலாம் என்பதும் பிழை. எவ்வளவு அவித்தாலும் அந்த நஞ்சு போகாது.

அஸ்ஸாமில் 2022 ஏப்ரலில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். அதில் நம்மைப் போல் தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்தாரும் உண்டு.

கொல்லும் வகையில் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது. சாப்பிட்டு ஆறு மணித்தியாலம், சில நேரம் ஒரு நாள் கூட ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, வயிற்றோட்டம். அதுவும் அடங்கி, சுகமான மாதிரி இருக்கும். "சரியாப் போச்சு" என்று மலைக்கு வேலைக்குப் போவோம். அந்த நேரம் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். அப்புறம் கண் மஞ்சளாகும். ஆகையால் பிந்தி வரும் வாந்திக்குத்தான் கூடப் பயப்பட வேண்டும். கசாயம், இஞ்சித் தண்ணி என்று பொழுதைக் கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990க்கு அடித்தால் காசில்லாமல் அம்புலன்ஸ் வரும். மிஞ்சிய காளானையும் கறியையும் கையோடு கொண்டுபோங்கள். கூடச் சாப்பிட்டவர்கள் நல்லா இருந்தாலும் அவர்களையும் ஏற்றுங்கள், முதலில் பிள்ளைகளை.