தடைக்காலத்தைத் தாங்கும் முதலீடு

ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. படகு நின்றால் ஐஸ் ஆலைக்கும் ஏலக்காரருக்கும் மீன் லாரிக்கும் வேலை குறைகிறது. லாபத்தை இரண்டாவது படகு, ஐஸ் ஆலையில் ஒரு பங்கு, கருவாட்டு வியாபாரிக்குக் கடன் என்று மூன்றாகப் போட்டவர், உண்மையில் எதையும் பிரித்துப் போடவில்லை. மூன்றும் ஒரே கடலை நம்பியவை.

ஒன்று விழும் நாளில் கூடவே விழாத இடங்களிலும் பணம் இருக்க வேண்டும். முதலீட்டைப் பரவலாக்குவது என்பது அதுதான். இதை 1952இல் கணக்குப் போட்டுக் காட்டிய ஹாரி மார்கோவிட்ஸுக்கு 1990இல் பொருளாதார நோபல் கிடைத்தது. நம் கரையில் அதை எப்படிச் செய்வது?

1. தொழிலையும் கணக்கில் சேருங்கள்

உங்களிடம் உள்ள மிகப் பெரிய முதலீடு உங்கள் தொழில்தான். 2022 டிசம்பரில் ராமேஸ்வரத்துக்கு வரும் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்றுதான் திறக்கப்பட்டது. அதுவரை ரயில் மண்டபத்தோடு சரி. ராமேஸ்வரம் கோயிலுக்கு வருபவர்களை நம்பித் தங்கும் விடுதி நடத்துபவர் சேமிப்பையும் பக்கத்துத் தெருவில் இன்னொரு விடுதியாகவே மாற்றினால், இப்படி ஒரு தடை வரும்போது வருமானமும் முதலும் ஒன்றாக மாட்டிக்கொள்ளும். இறால் பிடிப்பவர் இறால் ஏற்றுமதி நிறுவனத்தின் பங்கை வாங்குவதும் அப்படித்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியபோது அந்தத் தொழில் முழுவதும் அடி வாங்கியது. வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் கீழக்கரைக்காரரின் வருமானமும் எண்ணெயை நம்பியதுதான்; அவர் எண்ணெய் நிறுவனப் பங்குகளைக் குவிக்க வேண்டாம்.

2. நான்கு மாதச் செலவு கையில்

தடைக்காலத்துக்கு இரண்டு மாதம், புயல் எச்சரிக்கைக்கும் வேலைநிறுத்தத்துக்கும் இரண்டு மாதம். இந்தப் பணம் வங்கியிலோ அஞ்சலகத்திலோ இருக்கட்டும். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் வைப்புக் காப்பீடு உண்டு. அதற்கு மேல் இருந்தால் இன்னொரு வங்கி. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 ரூபாய் கட்டினால் 4,500 கிடைக்கும். தவறாமல் சேருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி வீடு நடத்த முடியாது.

3. உயிருக்குக் காப்பீடு

சம்பாதிப்பவர் போய்விட்டால் எந்தச் சேமிப்பும் ஈடாகாது. பிரதமரின் ஆயுள் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 436 ரூபாய், விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய். ஒவ்வொன்றும் 2 லட்சம் தரும். கடலுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் இரண்டும் வேண்டும்.

4. பங்குச்சந்தைக்கு நீண்டகாலப் பணம் மட்டும்

2020 மார்ச் 23 அன்று பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் சரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் பழைய உச்சத்தைத் தாண்டியது. மகள் கல்யாணத்துக்காக மார்ச்சில் விற்க நேர்ந்தவருக்கு அந்த மீட்சியால் பயனில்லை. ஏழு ஆண்டுக்குத் தேவைப்படாத பணத்தைக் குறியீட்டு ஃபண்டில் போடுங்கள். மாதத் தவணை கட்டாயமில்லை. பாடு நன்றாக உள்ள மாதத்தில் கூடுதலாகப் போடலாம். ஒரே பெரிய நிறுவனங்களை வைத்திருக்கும் ஐந்து ஃபண்டுகள், ஒரு ஃபண்டுக்குத்தான் சமம்.

5. நகையையும் எண்ணுங்கள்

வீட்டில் உள்ள தங்கமும் முதலீடுதான். சேமிப்பில் பாதி ஏற்கெனவே நகையாக இருந்தால், அடுத்த பணம் நகைக்கடைக்குப் போக வேண்டியதில்லை.

6. ஆண்டுக்கொரு முறை சரிபாருங்கள்

பங்கு 40 சதவீதம் என்று முடிவு செய்தது 55 ஆகியிருந்தால் கொஞ்சம் விற்று வைப்புக்கு மாற்றுங்கள். தடைக்கால ஓய்வு இதற்கு நல்ல நேரம்.

7. இவற்றின் பக்கம் போகாதீர்கள்

ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் 2021–22 முதல் 2023–24 வரை இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகப் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியே கணக்கிட்டது. மாதம் 10 சதவீத வட்டி என்று ஆள் சேர்க்கும் நிறுவனமும் பதிவில்லாத சீட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்றே ஒரு தாளில் உங்கள் சொத்தையும் வருமானத்தையும் எழுதுங்கள். பாதிக்கு மேல் கடலையோ கோயில் கூட்டத்தையோ நம்பியிருந்தால், அடுத்து சேமிக்கும் ரூபாயை வேறிடத்தில் போடுங்கள்.