வீட்டு வரி மதிப்பீட்டை ஆட்சேபிக்கத் தயாராவது எப்படி?



கடைக்குச் சரக்கு வந்தால் பெட்டிகளை எண்ணிப் பார்த்த பிறகுதான் பில்லில் கையொப்பம் இடுகிறோம். ஆனால் மாநகர சபையிலிருந்து வீட்டுக்கு வரும் மதிப்பீட்டு அறிவித்தலைப் படிக்காமலே அலுமாரிக்குள் போட்டுவிடுகிறோம். பின்னர் வரிப் பத்திரம் வந்ததும் "இவ்வளவா?" என்று சத்தம் போடுகிறோம். அதற்குள் ஆட்சேபனைக் காலம் முடிந்துவிடும். ஹந்தானைப் பக்கம் குடியிருக்கும் பலர் இது பற்றி என்னிடம் விசாரிப்பதால், இவ்வாரப் பாடமாக இதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அறிவித்தலின் தலைப்பைப் பாருங்கள். கண்டி மாநகர சபையிலிருந்து வந்திருந்தால் 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் பொருந்தும். பிரதேச சபை எல்லைக்குள் உள்ள வீடென்றால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பொருந்தும். கீழே நான் சொல்வது மாநகர சபைக்குரியது.

1. எதை ஆட்சேபிக்கலாம்?

சோலைவரி இரண்டு எண்களைப் பெருக்கி வருவது. ஒன்று வீட்டின் வருடாந்தப் பெறுமதி. மற்றது சபை விதிக்கும் சதவீதம். சதவீதம் சபையின் தீர்மானம். அதைப் பற்றித் தனி ஆளாக ஆட்சேபனை எழுதிப் பயனில்லை. நாம் கேள்வி கேட்க வேண்டியது வருடாந்தப் பெறுமதியைத்தான்.

வருடாந்தப் பெறுமதி என்பது வீட்டின் விற்பனை விலை அல்ல. வரிகளைக் குடியிருப்பவர் செலுத்துவதாகவும், திருத்த வேலைகளை உரிமையாளர் பார்த்துக்கொள்வதாகவும் வைத்துக்கொண்டு, ஒருவர் நியாயமாகக் கொடுக்கக்கூடிய ஒரு வருட வாடகையே அது. நாமே குடியிருந்தாலும் இதே அளவுகோல்தான். "எனக்கு வருமானம் இல்லை, பிள்ளைகள் படிக்கிறார்கள்" என்பது உண்மையாக இருக்கலாம்; ஆனால் அது பெறுமதியைக் குறைக்கும் காரணமாகாது. கஷ்டத்தைச் சொல்லிச் சலுகை கேட்பதானால் அதை வேறு கடிதத்தில் கேளுங்கள்.

2. கணக்கைப் போட்டுப் பாருங்கள்

ஒரு ராத்தாவின் வீட்டை உதாரணமாக எடுப்போம். அறிவித்தலில் வருடாந்தப் பெறுமதி 360,000 ரூபா என்று இருக்கிறது. அதே பாதையில், அதே அளவான வீடுகள் மாதம் 22,000 ரூபாவுக்கு வாடகைக்குப் போகின்றன. அவற்றின் சோலைவரியை உரிமையாளர்களே கட்டுகிறார்கள். வருட வாடகை 264,000 ரூபா. இந்தத் தொகைக்குள் வரியும் அடங்கியிருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சதவீதம் 10 என்று வைத்தால் 264,000ஐ 1.1ஆல் வகுக்க வேண்டும். வருவது 240,000 ரூபா.

அப்படியானால் வரி 36,000 அல்ல, 24,000. வருடத்துக்கு 12,000 ரூபா வித்தியாசம். அடுத்த மீள்மதிப்பீடு ஐந்து வருடம் கழித்து வருமென்றால் 60,000 ரூபா. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு இது சிறிய காசல்ல.

3. ஆதாரங்களைச் சேருங்கள்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி கட்டளையிடும் வசனமே (2:282) குர்ஆனின் மிக நீண்ட வசனம். வாய்ப்பேச்சை விட எழுத்துக்கு எவ்வளவு பெறுமதி என்பதை நமக்குச் சொல்லித்தர வேறொருவர் தேவையில்லை. பின்வருவனவற்றை ஒரு கோவையில் போடுங்கள்.

அ) வீட்டின் அளவு. அனுமதி பெற்ற கட்டட வரைபடத்தையும் நில அளவைப் படத்தையும் எடுத்து, அறைகளையும் மாடிகளையும் எண்ணுங்கள். தகரக் கூரைக் கொட்டிலை அறையாகவும், முடிக்காத மேல்மாடியை முடித்ததாகவும் கணக்கிட்டிருந்தால் அதுவே உங்கள் முதற் காரணம்.

ஆ) ஒப்பிடக்கூடிய வீடுகள். மாநகர சபையில் மதிப்பீட்டுப் புத்தகத்தைப் பார்வையிடலாம். உங்கள் வீட்டைப் போன்ற மூன்று நான்கு வீடுகளின் இலக்கத்தையும் பெறுமதியையும் குறித்துக்கொள்ளுங்கள். நகர மத்தியில் உள்ள வீட்டை ஹந்தானை மேட்டு வீட்டோடு ஒப்பிடாதீர்கள். பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கட்டில் கணக்கில் கொடுக்கும் போர்டிங் வாடகையும் குடும்ப வீட்டு வாடகையும் ஒன்றல்ல. அதில் தளபாடமும் மின்சாரமும் சேர்ந்திருக்கும்.

இ) இடத்தின் குறைகள். வாகனம் போகாத படிக்கட்டுப் பாதை, கோடையில் மேலே ஏறாத தண்ணீர், சுவரில் வெடிப்பு, மண் சரியும் சரிவு ஆகிய எல்லாம் வாடகையைக் குறைப்பவை. 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தில் ஏற்படுத்திய மண்சரிவுகளுக்குப் பிறகு, சரிவில் உள்ள வீட்டைத் தேடி வாடகைக்காரர் முன்போல் வருவாரா? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கடிதம் உங்களிடம் இருந்தால் பிரதியை இணையுங்கள். திகதியிட்ட படங்களும் உதவும்.

ஈ) மதிப்பீட்டு விபரம். எந்த அளவை வைத்து, எந்த அடிப்படையில் மதிப்பிட்டார்கள் என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆகவே அறிவித்தல் வந்த வாரத்திலேயே விண்ணப்பியுங்கள்.

4. ஆட்சேபனையை எழுதுவது

இதுதான் பாடத்தின் முக்கிய பகுதி. அறிவித்தலில் குறிப்பிட்ட காலத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். "வரி அதிகம், தயவுசெய்து குறைக்கவும்" என்ற இரண்டு வரி போதாது. விடயம் பின்னர் நீதிமன்றம் போனால், எழுத்து மூல ஆட்சேபனையில் சொல்லாத காரணத்துக்கு அங்கே சாட்சியம் அளிக்க இடமில்லை. ஆகவே அளவுப் பிழை, ஒப்பீடு, பாதை, தண்ணீர், சரிவு என ஒவ்வொரு காரணத்தையும் இலக்கமிட்டுத் தனித்தனியாக எழுதுங்கள். முடிவில் நீங்கள் நியாயமெனக் கருதும் வருடாந்தப் பெறுமதியையும் அதற்கான கணக்கையும் காட்டுங்கள். தமிழில் எழுதினால் சிங்கள மொழிபெயர்ப்பொன்றை இணைப்பது வேலையை இலகுவாக்கும். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்துப் பிரதியில் முத்திரை பெறுங்கள்.

5. விசாரணை நாளில்

மூலப் பத்திரங்களையும் இரண்டு பிரதிகளையும் கொண்டு செல்லுங்கள். உத்தியோகத்தரோடு அரசியல் பேச வேண்டாம். காரணங்களை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் உரிய தாளைக் காட்டுங்கள். முடிவில் திருப்தி இல்லையென்றால் நியாயாதிக்கமுள்ள நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். அதற்கும் கால எல்லை உண்டு. முடிவுக் கடிதம் கிடைத்த அன்றே சட்டத்தரணியைச் சந்தியுங்கள். அவரது கட்டணத்தையும் மீதமாகும் வரியையும் எடைபோட்ட பிறகே வழக்கைத் தீர்மானியுங்கள்.

ஆட்சேபனை கொடுத்தோம் என்பதற்காக வரி கட்டுவதை நிறுத்த வேண்டாம். நிலுவை சேர்ந்தால் பிடியாணைச் செலவும் சேரும். வருட வரி முழுவதையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 சதவீதக் கழிவு உண்டு. காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5 சதவீதம்.

6. ஓர் எச்சரிக்கை

இங்கிலாந்தில் வீடுகளை 1991 ஏப்ரல் 1ஆம் திகதி விலைப்படி ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவுகளாக வகுத்திருக்கிறார்கள். அங்கே பிரிவு பிழையென்று மேன்முறையிடத் தனியான மதிப்பீட்டுத் தீர்ப்பாயம் உண்டு. ஆனால் மீளாய்வில் பிரிவு இறங்கலாம், ஏறவும் செய்யலாம் என்று முன்கூட்டியே எச்சரிக்கிறார்கள். நமக்கும் இது பாடம். கணக்கில் வராத அனெக்ஸ் ஒன்று பின்னால் இருந்தால், அல்லது காட்சிக்காக வரும் உல்லாசப் பயணிகளுக்கு அறை கொடுத்தால், அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே பேனாவை எடுங்கள்.

வாடகையைக் குறைத்துக் காட்டப் பொய் ஒப்பந்தம் எழுதித் தரும் ஆட்களும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களை அண்ட வேண்டாம். அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்க ஒரு சூராவே (அல்-முதஃப்பிஃபீன்) இறங்கியிருக்கிறது. நம் வீட்டை மற்றவர் கூடுதலாக அளப்பதை ஆட்சேபிக்கும் நாம், நாமே குறைத்து அளந்து கொடுக்க முடியுமா? குப்பை அள்ளுவதும் தெரு விளக்கு எரிவதும் இந்த வரியால்தான். உரியதைக் கட்டுவோம், உரியதற்கு மேல் கேட்டால் ஆதாரத்தோடு மறுப்போம்.

இன்றே அலுமாரியைத் திறந்து கடைசி அறிவித்தலை எடுத்துப் பாருங்கள். அடுத்தது வரும்போது, கிடைத்த திகதியைக் கடித உறையிலேயே எழுதி வையுங்கள். அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.