படகின் திசைகாட்டியைச் சீர்செய்தல்

கடல் இல்லாத திருச்சிராப்பள்ளியில் படகுப் பாடம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். காவிரி கடலொடு கலக்கும் பகுதிகளின் பஞ்சாயத்து உறுப்பினர்களும் இவ்வேட்டைப் படிக்கின்றனர். அவ்வூர்களின் விசைப்படகுகளில் ஆட்டோ பைலட் என்னும் தானியங்கிச் சுக்கான் கருவி பொருத்தப்படுவதுண்டு. அதற்குரிய பாடத்தின் முதற்பகுதியைக் கற்கத் திருச்சியினும் வசதியான இடத்தை நாம் காணவில்லை.

கருவியின் வேலை எளியது. திசைகாட்டி, படகின் முகம் நோக்கும் திசையைத் தெரிவிக்கும். நாம் குறித்த திசையோடு கருவி அதை ஒப்பிட்டு, வேறுபாடு தோன்றினால் சுக்கானைத் திருப்பும். திசைகாட்டி 6 பாகை பிசகினால் படகும் 6 பாகை பிசகி, சிறிதும் தயங்காமல் சென்றுகொண்டேயிருக்கும். ஏர் பிடிப்பவர் சால் கோணினால் கண்டு திருத்திக்கொள்வார். கருவிக்குக் கண் இல்லை. 6 பாகைப் பிசகோடு 10 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் விலகல் ஏற்படும். பாக் நீரிணையில் 1974ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி வகுத்த கடல் எல்லையில், வயலுக்கு இருப்பதுபோல் கல் நடப்படவில்லை. இரவில் அதைத் தாண்டிய படகினர், கருவியே கொண்டுவந்தது என்று கூறிப் பயனில்லை. ஜி.பி.எஸ். இருக்கிறதே எனலாம். அது படகு இருக்கும் இடத்தையும் நகரும் திசையையும் கூறும்; நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளும்போது முகம் எங்கு நோக்குகிறது என்பதைத் திசைகாட்டியே கூற வேண்டும்.

மலைக்கோட்டை உச்சியில் நின்று வடக்கே நோக்குவோம். 1987இல் நிறைவுற்ற, 236 அடி உயரமுள்ள திருவரங்கத்து இராஜகோபுரம் நேர்வடக்கிற்குச் சற்று மேற்காகத் தோன்றும். நில அளவைத் துறை வரைபடத்தில் இவ்விரு இடங்களையும் கோட்டால் இணைத்து, வடக்குக் கோட்டிலிருந்து கோணத்தை அளந்துகொள்க. பின்னர் திசைகாட்டியைக் கோபுரத்திற்கு நேரே பிடித்துப் பார்க்க. இரும்புக் கம்பியின் அருகே ஒருமுறையும், விலகி நின்று ஒருமுறையும் பார்த்தால் இரு விடைகள் கிடைக்கும். கைக்கடிகாரமும் கைப்பேசியும்கூட ஊசியை இழுக்கும். பிழை ஊசியினுடையதன்று, அருகிலுள்ள பொருளினுடையது.

விலகி நின்று பார்த்தபோதும் சிறு வேறுபாடு எஞ்சும். காந்த வடக்கு, மெய்வடக்கிற்குத் திருச்சியில் சுமார் 2 பாகைக்குள் மேற்கே விலகியிருப்பதே காரணம். ஆதலால் வரைபடக் கோணத்தோடு அவ்வளவைக் கூட்டினால் திசைகாட்டி காட்ட வேண்டிய எண் கிடைக்கும்.

நம் பகுதிக்குச் சிறப்பு ஒன்று உண்டு. காந்தப் புவிநடுக்கோடு நாட்டின் தென்கோடி வழியே செல்கிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வுக்கூடம் அமைத்ததும் இதனாலேயே. இங்கு ஊசி ஏறக்குறையச் சமமாகப் படுத்திருக்கும். அதனை வடக்கே இழுக்கும் கிடைவிசையும் வலிது. நார்வே நாட்டில் இவ்விசை இதில் பாதிகூட இல்லை. ஆகவே அதே இரும்பு அங்கே விளைக்கும் பிசகைவிட இங்கே குறைவாகவே விளைக்கும். ஆனால் வட நாடுகளுக்கென எடை சமன்செய்யப்பட்ட ஊசித் திசைகாட்டியை வாங்கினால், அதன் ஊசி இங்கு ஒருபுறம் சாயும். வாங்கும்போதே இதைக் கேட்டறிதல் வேண்டும்.

இனிப் படகிற்கு வருவோம். பைபர் படகாயின், ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில், தாழ்வாக, திசை உணரும் கருவியைப் பொருத்துக. எஞ்சின், நங்கூரச் சங்கிலி, ஒலிபெருக்கி, மின்கம்பிகள் ஆகியவற்றிற்கு ஒரு மீட்டருக்கேனும் அப்பால் அது இருக்கட்டும். அருகில் செல்லும் பேட்டரிக் கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால், அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று பெரும்பாலும் நீக்கிவிடும். இரும்புப் படகில் உட்புறம் பயன்படாது. பாய்மரம் போன்ற உயரமான கம்பமே நன்று.

படகிலுள்ள இரும்பு படகோடு திரும்பும். பூமியின் இழுப்போ திரும்பாது. அதனால் வடக்கு நோக்கும்போது மேற்கே பிசகும் ஊசி, தெற்கு நோக்கும்போது கிழக்கே பிசகலாம். ஒரு திசையில் மட்டும் சரிபார்ப்பது இதனால்தான் போதாது. அமைதியான நீரில், எஞ்சினும் விளக்குகளும் வழக்கம்போல் இயங்க, ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடங்கள் ஆகும்படி மெதுவாக இரண்டு மூன்று வட்டமிடுக. அவசரமாகச் சுற்றினால் கருவி கற்றுக்கொள்ளாது. வட்டம் முடிந்ததும் கருவி தான் கண்ட பிசகைக் காட்டும். அது 15 பாகைக்கு மேற்பட்டால் திருத்தத்தை நம்பியிராமல் கருவியையே வேறிடத்திற்கு மாற்றுவது நலம்.

பின்னர் மலைக்கோட்டையில் செய்த சோதனையையே கடலில் செய்ய வேண்டும். கலங்கரை விளக்கமும் கோபுரமும் ஒரே கோட்டில் தெரியும் இடத்தில் படகின் முகத்தை அவற்றிற்கு நேரே நிறுத்தி, வரைபடக் கோணத்தோடு ஒப்பிட்டு, எஞ்சும் வேறுபாட்டைக் கருவியில் பதிக. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இரும்புக் கருவிப்பெட்டி வைக்கும் வழக்கமுள்ள படகில், அதை உரிய இடத்தில் வைத்த பின்னரே இவற்றைச் செய்க. எஞ்சின் மாற்றினாலும், புதிய கம்பி இழுத்தாலும், ஒலிபெருக்கி வைத்தாலும் மீண்டும் வட்டமிட வேண்டும்.