கையெழுத்து தெரியும் கோட்டுக்கு எந்த டேப்லெட்?

கண்ணிமையை ஒரே தடிமனில் வரைந்தால் படம் சுத்தமாக இருக்கும். வரைந்தவரின் கை அதில் இருக்காது. மெலிதாகத் தொடங்கி, நடுவில் தடித்து, நூலாக முடியும் கோடுதான் உயிருள்ளது. அந்தக் கோட்டைத் தரும் டேப்லெட்டையே வாங்குங்கள்.

பெட்டியில் 4096, 8192 என்று அழுத்த நிலைகளை அச்சிட்டிருப்பார்கள். 4096-ஏ தாராளம். பேனா எவ்வளவு லேசான தொடுதலுக்குக் கோடு போடுகிறது என்பதுதான் முக்கியம். கடையில் முடிக்கற்றை ஒன்றை வரைந்து பாருங்கள். அழுத்தினால்தான் கோடு விழும் என்றால் ஒவ்வொரு முடியும் மொட்டையாகவே தொடங்கும். அடுத்து ஸ்கேலை வைத்து, சாய்வாக, மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். நெளிந்தால் கருவியில்தான் கோளாறு.

திரையில்லாத டேப்லெட்டுகளே விலை குறைந்தவை. வேக்கம் இன்ட்யூவோஸில் சிறியதன் வரைபரப்பு சுமார் 15 × 9.5 செ.மீ.; அதில் மணிக்கட்டு மட்டுமே அசையும். புடவை மடிப்பு போன்ற நீண்ட வளைவுகளுக்கு முழங்கையும் சேர வேண்டும். அதனால் சுமார் 21.5 × 13.5 செ.மீ. உள்ள நடுத்தர அளவையே சொல்வேன். கண் ஓரிடம், கை ஓரிடம் என்பது பழகச் சில வாரம் பிடிக்கும். ஆனால் கழுத்து வலிக்காது. சாதாரண இன்ட்யூவோஸ் பேனாவின் சாய்வை உணராது. பென்சிலைச் சாய்த்துத் தேய்க்கும் நிழல் வேண்டுமென்றால் இன்ட்யூவோஸ் புரோவுக்குப் போக வேண்டும்.

காகிதத்தில் மை தொட்டு வரைந்து பழகியவருக்குத் திரையுள்ளது உடனே கைவரும். வேக்கமின் சின்டிக் 16 நல்லது. விலைதான் பல மடங்கு. மலிவான திரைகளில் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி இருந்தால், நிப் ஓரிடமும் கோடு சற்றுத் தள்ளியும் தெரியும்.

பயணத்தில் வரைபவருக்கு ஐபேட். ஒரு எச்சரிக்கை: 2023-இல் வந்த யுஎஸ்பி-சி ஆப்பிள் பென்சில் அழுத்தத்தை உணராது. விலை குறைவு என்று அதை வாங்கிவிடாதீர்கள், நம் வேலைக்கே ஆகாது. கண்ணாடி வழுக்கினால் மேட் ஷீட் ஒட்டலாம். காகிதப் பிடிப்பு வரும், பென்சில் முனை சீக்கிரம் தேயும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நடுத்தரத் திரையில்லா டேப்லெட்டும் இலவச மென்பொருளான கிரிட்டாவும் போதும். வாங்கியதும் டேப்லெட்டின் நீள அகல விகிதத்தைத் திரையோடு பொருத்துங்கள், இல்லையேல் வட்டம் முட்டையாகும். கோட்டைத் தானாகச் சீராக்கும் வசதிகள் உங்கள் கையை மறைத்துவிடும்; கிரிட்டாவில் ஸ்மூத்திங்கையும், ஐபேடில் ப்ரோகிரியேட் என்றால் ஸ்ட்ரீம்லைனையும் அணைத்துவிட்டு வரையுங்கள்.