திரும்பப் பொருத்தும் மண்டையோட்டு எலும்பு



பைக்கிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடி பட்டால் மூளை வீங்கும். அதற்கு இடம் கொடுக்க டாக்டர்கள் மண்டையோட்டில் ஒரு பகுதியை எடுத்துவிடுவதுண்டு. அந்த எலும்பை எறிவதில்லை. நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைப்பார்கள், அல்லது உறைகுளிர் பெட்டியில் வைப்பார்கள். வீக்கம் வடிந்து சில மாதம் கழித்துத் திரும்பப் பொருத்துவார்கள்.

"சொந்த எலும்புதானே, என்ன ஆகும்?" என்பீர்கள். பிடுங்கி நட்ட நாற்று வேர் பிடிக்க நாளாவதுபோல, அந்த எலும்புக்குள் ரத்தம் ஓட மாதக்கணக்கில் ஆகும். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் சரியாகப் போகாது. தோலில் சாதாரணமாக இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி அதில் ஒட்டிக்கொண்டால், ஊசி மாத்திரையால் மட்டும் தீர்வது கடினம். பெரும்பாலும் எலும்பையே மறுபடி எடுக்க நேரும். பிறகு ஆறவிட்டு டைட்டேனியம் தகடு வைக்க இன்னொரு ஆபரேஷன். சீழ் மூளைக்குப் பரவினால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே அம்மா, வீட்டுக்காரர் தலைத் தையலில் மஞ்சள், எண்ணெய், சாம்பல் எதுவும் வைக்காதீர்கள். (எத்தனை தடவை சொன்னாலும் வைக்கத்தான் செய்கிறார்கள்!) ஐயா, பீடியை விடுங்கள், புண் ஆறாது. சர்க்கரை வியாதி மருந்தை நிறுத்தாதீர்கள். எலும்பு வயிற்றில் இருந்தால் அந்தத் தையலையும் தினம் பாருங்கள்.

காய்ச்சல், தையலில் சிவப்பு, வீக்கம், நீர் அல்லது சீழ்க் கசிவு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு: ஒன்று கண்டாலும் அன்றைக்கே ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தையல் ஆறி மாதங்கள் கழித்தும் சீழ் பிடிக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காதீர்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108-க்குப் போன் போடுங்கள். அதற்குக் காசு கிடையாது.